என் பங்கு வயலின் களை

கோலா கெத்தில்,
சுபானு வருடம், ஐப்பசி 3.

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் இராசாத்தி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் யார் யார் என்று பின்னால் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

கருவாடு விற்க வந்த மீரான் பாய் சொன்னார். ஆவணிக் கடைசியில் நீங்கள் தஞ்சோங் டாவாயிலிருந்து ஆற்றின் எதிர்க்கரை வரைக்கும் வந்து, என் பங்கு வயலில் ஒரு நீலப் பூகூட இல்லாததைப் பார்த்துத் திரும்பிவிட்டீர்களாம். "அய்யாவு அண்ணே மொகமே செத்துப்போச்சும்மா" என்றார். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

நாம் பேசிக்கொண்டபடி நீங்கள் செய்தது சரிதான். களையில் பூ நின்றால் வரலாம். பறிபட்டுக் கிடந்தால் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு லாரி வரவில்லை, மாமா. நான் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அக்கா, புண்ணியவதி, தன் பங்கில் களையெடுத்து முடித்துவிட்டு என் பங்கிலும் இறங்கி, வேர்கூட மிச்சமில்லாமல் பறித்துவிட்டார். "காடா கெடந்தா மண்டோர் ஏசுவாருலா, நா இருக்கேன்ல" என்றார். நான் அழுதேன். நன்றியில் அழுகிறேன் என்று நினைத்து அவரும் கூடச் சேர்ந்து அழுதார்.

அந்தக் களை லேசில் விடுமா? திரும்ப முளைத்துப் பூத்துவிட்டது. மண்டோர் முருகையா வேலையை மேற்பார்க்க வந்து, "ஜப்பான்காரன் நெல்லு போடச் சொன்னானா, பூந்தோட்டம் போடச் சொன்னானா?" என்று ஏசினார். மலாய்க்காரர்கள் போல நாங்களும் கீரையாகச் சாப்பிடுகிறோம் என்று சொல்லி, வதக்கி ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு ஏச்சு இல்லை. பாப்பம்மா அக்காவிடமும், என் பங்கில் கை வைத்தால் கீரை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

நான் படுத்திருந்தது காய்ச்சலில் இல்லை. பதினைந்து நாள் முந்திக்கொண்டு உங்கள் மகள் பிறந்துவிட்டாள். நானே சொல்ல வேண்டும் என்று மீரான் பாயிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மூக்கு உங்கள் மூக்கு, பாவம். இன்னும் பெயர் வைக்கவில்லை. நீங்கள்தான் வந்து அவள் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போது பூ நிற்கிறது. நீங்கள் வரும் நாளில் இல்லாவிட்டால், பிள்ளையைப் பார்க்கிற ஆசையில் ஆற்றைத் தாண்டிவிடாதீர்கள். திரும்பிப் போங்கள். களைதானே, மறுபடியும் வரும். நாங்களும் இங்கேதான் இருப்போம்.

படித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். மாரியம்மா உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
இராசாத்தி,
கூடவே, பெயருக்குக் காத்திருக்கும் உங்கள் மகளும்.