இரண்டாவது சிலிண்டர்

பெர்மாஸ் ஜெயா,
ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை கமலநாதனுக்கு,

மாமா ஜெயபாலன் எழுதுகிறேன். உடம்பளவில் இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முட்டிவலி தேவலாம். போனில் பேசினால் என் குரல் தானாக உயர்ந்துவிடும், அதனால்தான் காகிதம். மகள் லோஷினி அங்கே சிங்கப்பூர் வரும்போது கொடுப்பாள்.

முதலில் கார் விஷயம். நீங்கள் அவளுக்கு வாங்கித் தந்த டர்போ கார் இப்போது நன்றாக ஓடுகிறது. உதறல் போய்விட்டது.

நின்றால் லேசாக நடுங்கும், பெர்மாஸ் பாலம் ஏறும்போது மிதித்தால் விக்கல் எடுத்ததுபோல் உதறும் அல்லவா? பெட்ரோல் சரியில்லை என்றேன், ஏர் பில்டரை மாற்றினேன், டர்போ குழாய்களைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகாமல் மூர்த்தி பட்டறைக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றார். அதன் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். கோளாறும் கூடவே மூன்றாவதுக்குப் போனது. டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது பொறி வலுவாக விழவேண்டுமாம், அந்தக் காயிலுக்குத் தெம்பு இல்லை.

பிறகு பிளக் குழிக்குள் டார்ச் அடித்தார். துருவும் மஞ்சளும். இஞ்சினுக்கு யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நான்தான் மாப்பிள்ளை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். ஆயுத பூசைக்கு டீசல் இஞ்சினைக் குழாய் பிடித்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் பொட்டு வைப்போம். அதே கையோடு இதையும் திறந்து கழுவினேன். பெரிய டிரைவர். பூசை முடிந்த இரண்டாம் நாள் உதறல் ஆரம்பித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்காமல் உங்கள் மேல் பாய்ந்தேன். என் தம்பி குடும்பத்தின் முன்னால், யாரோ தள்ளிவிட்ட ஓட்டை வண்டியை என் மகள் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுப் போனீர்கள். அதன்பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

பட்டறையில் தெரியாது என்று சொன்ன மறுநாளே மூர்த்தியிடம் போய் உண்மையைச் சொன்னேன். தம்பி வீட்டுக்கும் போய், எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. லோஷினி என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். வரும் தீபாவளி அன்றைக்கு நீங்களே வேலை கேட்டு வாங்கிக்கொண்டதாக மட்டும் சொன்னாள்.

தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளையை நேரில் வந்து அழைப்பதுதான் முறை. வியாழக்கிழமை நானும் அத்தையும் பஸ் பிடித்து வருகிறோம். மன்னிப்பை எழுத்தோடு நிறுத்த மாட்டேன், உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பேன்.

அதன்பிறகும் என் முகத்தில் விழிக்கச் சங்கடமாக இருந்தால், தீபாவளி அன்று காலை நான் கோயிலில் இருந்துகொள்கிறேன். அத்தை எண்ணெய் வைக்கட்டும். குளித்து, புதுத்துணி உடுத்தி, என் மகள் பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் சொல்லி அனுப்பும்போது நான் வீட்டுக்கு வருகிறேன்.

இருவரும் நிறைவாக வாழ வேண்டும்.

உங்கள் மாமா,
ஜெயபாலன்