துவாலுவில் மழை குறையுமாம்

ஒக்ரோபர் 17, வெள்ளி

வேலையால் வந்ததும் துவாலுவின் மழை முன்னறிவிப்பைப் பார்த்தேன். அடுத்த மூன்று மாதமும் வழமையிலும் குறைவாகத்தான் பெய்யுமாம். பசிபிக் கடலின் நடுவிலுள்ள அந்தத் தீவுகளில் ஆறு இல்லை. கூரையில் விழும் மழையைத் தாங்கியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். என் மகள் அபி அங்கே தாதியாக இருக்கிறாள்.

உடனே அழைத்தேன்.

"பிள்ளை, டிசம்பரிலை நத்தாருக்கு முதல் வந்திடு. பிளேன் ரிக்கற் நான் போடுறன்."

"அப்பா, ஆஸ்பத்திரி வாட்டிலை நாலு பேபீஸ் இருக்கு. ஐ காண்ட் ஜஸ்ட் லீவ்."

"தண்ணி காணுமோ? போதுமான அளவு இருக்கோ?"

"இப்போதைக்குக் காணும்."

போனை வைத்ததும் குசினி அடுப்படியிலிருந்து என் மனைவி வதனி கேட்டாள். "என்னவாம் பிள்ளை?"

போன மாதம்தான் அவளுக்கு இதய ஒப்பரேஷன் நடந்தது. "அங்கை நல்ல மழையாம்" என்றேன்.

"அப்பாடா, இனிப் பயமில்லை" என்று சிரித்தாள். அங்கே மழையில்லை என்ற கவலையில் இருந்தவள், இரண்டு கிழமைக்குப் பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே மகளோடு கதைப்பாள். அம்மா கேட்டால் மழை பெய்கிறதென்று சொல் என அபிக்கு எழுதத் தொடங்கினேன். பிள்ளையைப் பொய் சொல்லக் கேட்க மனம் வரவில்லை. அழித்துவிட்டேன். மறுபடி எழுதினேன். இன்னும் அனுப்பவில்லை.