தவிட்டில் எடுத்த கறை

1902 ஜூன் 9, திங்கள்

என் வீட்டுக்காரர் மில் சட்டையை இன்றும் என் கையில் தரவில்லை. தங்கக்கல் பொடிக்கும் எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவர். முழங்கை வரை கிரீஸ் அப்பியிருக்கும். தவிட்டைத் தேய்த்துப் பிசுக்கை எடுப்பதை மட்டும் அவரே செய்கிறார். அப்புறம் உவர்மண்ணும் சவுக்காரமும் என் பாடு. வீட்டில் வேறு எந்த வேலைக்கும் குனியாத மனிதர்! எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஜூன் 12

பக்கத்து வீட்டுச் சம்பங்கியைக் காவல்காரர்கள் பிடித்துப் போய்விட்டார்கள். அவரும் இதே மில்தான். சட்டைக் கிரீஸில் பொன்துகளை ஒட்டவைத்துக் கொண்டுவந்தாராம். இனி கோலார் ஜெயில். அவர் மனைவி பார்வதம்மா தெருவில் புரண்டு அழுதாள். இவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

அவருக்குக் காய்ச்சல். சட்டை நாறிக் கிடந்தது. நானே தவிடு தேய்த்து, வழித்ததை அடுப்பில் போட்டேன். சாம்பல் அள்ளும்போது அடியில் மஞ்சளாக மினுங்கியது. விரலில் தொட்டு எடுத்துப் பார்த்தேன்.

ஏசுவே. இவருமா?

ஜூன் 16

கேட்டேன். மறைக்கவில்லை.

"எல்லாருந்தான் எடுக்கிறாங்க. மேஸ்திரிக்கும் பங்கு கீது. நான் மட்டும் நிறுத்துனா, காட்டிக்குடுப்பேன்னு நெனப்பாங்கமே."

"அப்ப மில்லையே வுட்டுடுங்க. பார்வதம்மா மாதிரி என்னால தெருவுல கெடக்க முடியாது."

பொன்னும் சாம்பலுமாக அள்ளிக் குட்டையில் கொட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 23

மில்லை விட்டுவிட்டார். இந்த ஊரில் வேறு என்ன கிடைக்கும்? சுரங்கத்துக்குள் பாறை உடைக்கப் பெயர் கொடுத்திருக்கிறார். நான் சொன்னதைத்தான் செய்தார். ஆனால் இதையா கேட்டேன்?

ஜூலை 1

கீழே பாறை சரிந்தது. யார் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் பெண்களோடு பெண்ணாக நின்றேன். பார்வதம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரரு உசுரோட கீறாருன்னு எனக்குத் தெரியும். நீ இன்னா பண்ணுவ, பாவம்," என்றாள். கோபம் வரவில்லை. அவள்மேல் பொறாமையாக இருந்தது.

ஆளேற்றும் கடைசிக் கூண்டில் இவர் ஏறி வந்தார். சட்டையில் எண்ணெய் இல்லை, சேறுதான். தண்ணீரில் ஒரே அலசு, போய்விட்டது.

காய்வதற்குள் சட்டையைக் கேட்டார். நாளைக்கு முதல் ஷிப்டு.