உதயின் நெற்றியில் இடமில்லை

சிரஞ்சீவி அனன்யாவுக்கு அம்மா நிறைய ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், உன் தம்பி உதய் உடம்பளவில் சௌக்கியம், அவன் மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ அங்கே குளிருக்கு ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதும் அவன் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். கையால் தமிழில் எழுதினால் அவனுக்குப் படிக்க வராது, அந்த வருத்தம் இப்போது எனக்கு உபயோகப்படுகிறது. உன் சிநேகிதி ஸ்னேகா அடுத்த வாரம் லீட்ஸுக்குக் கிளம்புகிறாளாம், சாம்பார் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கட்டிடத்தில் இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பைஷாலியை உனக்குத் தெரியாது, வங்காள வழக்கப்படி நான் பௌதி, அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுடைய ஒரே பெண் தோர்ஷா, உதயோடு இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். பூஜை லீவுக்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முன்பல் விழுந்த நாளிலிருந்து நம்மிடம் வாயைப் பிளந்து பிளந்து காட்டினவன், அவள் எதிரே வந்தால் மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினான். ஒருநாள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, மீன் சாப்பிடாதவாளுக்குக் கணக்கு வராதாம்மா, தோர்ஷா சொல்றா என்றான். நான் முறைத்ததும், கண்ணே இல்லாத மீன் இருந்தா சாப்பிடலாமா என்று கேட்டான். அப்பாவிடம் சொன்னேன், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ஏழு வயசுடி, மூக்கைத் துடைக்கத் தெரியலை இன்னும் என்றார். எனக்கென்னவோ சிரிப்பாகவும் இருந்தது, லேசாகப் பொறாமையாகவும் இருந்தது. இதுவரை அவன் தலைவாரிக்கொள்ள என்னிடம்தான் வருவான், இப்போது தானே தண்ணீர் தொட்டு வாரிக்கொள்கிறான்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைக் கேள். காளி பூஜைப் பந்தலில் பௌதி என் கையைப் பிடித்துக்கொண்டு, என் பெண்ணுக்கு அண்ணன் தம்பி இல்லை, உங்கள் பையனின் அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள், பாய்போட்டாவுக்கு அவனை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள், தோர்ஷா பொட்டு வைக்கட்டும் என்றாள். சகோதரனுக்குச் சகோதரி சந்தனப் பொட்டு வைக்கும் பண்டிகை நம் குடும்பத்தில் இல்லாத வழக்கம்தான், ஆனால் நீ பள்ளிக்கூடத்துத் தோழிகளைப் பார்த்து வருஷா வருஷம் அவனுக்குச் சந்தனம் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. இந்த வருஷம் அவன் நெற்றி வெறுமையாக இருக்குமே என்ற துக்கத்தில், கண் கலங்கி, கண்டிப்பாக அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னதும் கையிலிருந்த மத்தாப்பு அணைந்தது கூடத் தெரியாமல் நின்றான். அவ வெச்சா நான் அவளுக்குத் தம்பியா என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் கொடுத்த வாக்கை எப்படித் திருப்பி வாங்குவது, என்ன காரணம் சொல்வது?

பாய்போட்டா அன்று காலையில் குளித்துவிட்டு அப்பாவிடம் போய், எனக்குத் திருமண் இட்டு விடுங்கோ, பெரிசா என்றான். பண்டிகை நாளில் துரத்திப் பிடித்தாலும் நெற்றியைக் காட்டாதவன். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இது யாரும் சொல்லி வரதில்லைடி, தானா வரணும் என்று என்னிடம் பெருமை, உடனே ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டு உன் ரங்கநாயகி அத்தையிடமும் பெருமை. அவன் கண்ணாடியைப் பார்த்து, இன்னும் அகலமா, நடுவிலே இடமே இருக்கப்படாது என்றான். நான் சமையலறைக்குப் போய்ப் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

மூவரும் கீழே போனோம். பௌதி ஆசனம் போட்டு, விளக்கேற்றி, தட்டு நிறைய சந்தேஷ் இனிப்பு வைத்திருந்தாள். தோர்ஷா மஞ்சள் புடவையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, பெரியவர்களைப் போல் பொட்டு வைக்கும்வரை தானும் சாப்பிட மாட்டேன் என்று பட்டினியாக உட்கார்ந்திருந்தாள். சந்தனத்தில் இடது சுண்டு விரலைத் தோய்த்து நெற்றியருகே கொண்டுபோனவள், அப்படியே நின்று, மா, இங்கே இடமே இல்லையே என்றாள். கொஞ்சம் துடைத்துவிடலாமா என்று பௌதி தயங்கிக் கேட்டாள். உதய் நல்ல வங்காள மொழியில், அது பெருமாளோட பாதம், துடைச்சா பாவம் என்றான். அப்பா உருகிப்போய், ஆமாம், துடைக்கக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். குழந்தைக்கு உதடு பிதுங்கியது, பசி வேறு. அவள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், நீ எனக்கு வைம்மா என்று அப்பாவே ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு இட்ட உற்சாகத்தில் தனக்கு இட்டுக்கொள்ள மறந்திருந்தார். அவள் கணீரென்று மந்திரம் சொல்லிப் பொட்டு வைத்தாள், உதய் கொடுப்பதற்காக வாங்கிய கலர் பென்சில் பெட்டியை அப்பா கொடுத்தார், சந்தேஷை எல்லாரையும்விட அதிகமாகத் தின்றது உன் தம்பிதான்.

ஜெயித்த ராஜா மாதிரி மாடிப்படி ஏறினவன் பாதியில் நின்று, அப்பாவோட தங்கை எனக்கு யாரும்மா என்றான். நான் யோசிக்காமல், அத்தைடா என்றேன். ரங்கநாயகி அத்தை மாதிரியா என்றான். கன்னத்தைக் கிள்ளி, காதுக்குள் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்த அத்தை. முகம் விழுந்துவிட்டது. மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் நெற்றியைத் துடைக்கப் போனான், துடைத்தாலும் உறவு போகாதுடா என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பாவுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை, பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். நான் மட்டும், நம் நல்லெண்ணத்தில் ஒரு குழந்தையின் ரகசியத்தை எவ்வளவு அலட்சியமாகக் கையாள்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அவன் பக்கத்தில் படுத்திருந்தேன். எட்டணா பெறாத விஷயம் என்று நமக்குத் தோன்றுகிறது, அவனுக்கு அப்படி இல்லையே.

பள்ளிக்கூடம் திறந்ததும் தோர்ஷா வகுப்பு முழுக்க, நான் உதயோட பிஷி, அத்தையாக்கும், அவன் அப்பா என் தாதா, அண்ணன், இனிமேல் நான் சொன்னதை அவன் கேட்கணும் என்று அறிவித்துவிட்டாளாம். பையன்கள் கேலி செய்து இவன் அழுதுகொண்டு வருவான் என்று நினைத்து முன்னதாகவே போய்ப் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். தன் பையை முதுகிலும் அவள் பையை மார்பிலும் மாட்டிக்கொண்டு இறங்கினான். அவள் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். கனமா இருக்காடா, குடு என்றேன். வேண்டாம்மா, எல்லாருக்கும் தூக்கக் குடுக்க மாட்டா என்றான், வாயைப் பொத்திக்கொள்ளக் கை ஒழியாமல், பல் இல்லாத சிரிப்போடு.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் உன்னிடம் ஏதாவது கேட்டால் சிரித்து வைக்காதே, தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. பொடியை ஈரக்கையால் தொடாதே, காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே. பெருமாள் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு, உன் நினைவாகவே இருக்கும்
அம்மா விஜயலக்ஷ்மி
பவானிபூர், கொல்கத்தா