உனக்குப் பலன் குறைவு என்றார்களாமே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது. ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டில் லிஃப்ட் இல்லையே என்று என்னை முறைக்கிறாள்.

உன் கடிதம் வந்தது. நர்சுகளுக்கு வேலை அழுத்தம் குறைய உங்கள் ஆஸ்பத்திரியில் மூச்சைக் கவனிக்கிற வகுப்பு வைத்தார்கள், யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே கேள்வி கேட்டுக் கணக்குப் போட்டார்கள், உனக்குப் பலன் குறைவு என்று வந்தது, சரிதானே? "அதுகூட எனக்கு உதவாதாம்ப்பா, இனிமே எதுவும் உதவாது" என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு மேல் அம்மா படிக்கவில்லை.

எங்கள் கம்பெனியிலும் அதே வகுப்பு, அதே கணக்கு. எனக்கு அமோகமாகப் பலிக்குமாம். பலிக்காமல் என்ன, கேள்வி கேட்டவரிடம் பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் புலம்பித் தள்ளியிருந்தேனே. முதல் நாள், கண்ணை மூடுங்கள், காதில் விழுவதைக் கவனியுங்கள், எதையும் மாற்றப் பார்க்காதீர்கள் என்றார் வகுப்பெடுக்கிற டீச்சர். விழுந்தது, லிஃப்ட் கதவு உரசுகிற சத்தம். எல்லோரும் கண்ணைத் திறந்தபோது ஐயா வெளியே ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறேன். இப்போதுதான் கொஞ்சம் உட்கார வருகிறது.

அந்த டீச்சரிடம், தெரிந்த பெண் ஒருத்திக்கு என்று சொல்லி, உன் விஷயத்தைக் கேட்டேன். கணக்கு தப்பவும் செய்யும், அது நாம் சொல்கிற பதிலை வைத்துத்தான் என்றார். நிறைய அவதிப்படுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் நிறையக் குறைகிறதாம். அவதியே இல்லை என்கிறவருக்குக் குறைய என்ன இருக்கிறது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று புரிந்துவிட்டது. "நல்லாத் தூங்குறேன், வேலை பழகிடுச்சு." எங்களிடம் ஃபோனில் சொல்வதைத்தானே அங்கேயும் சொன்னாய்? மேலதிகாரி காதுக்குப் போகுமோ என்ற பயம் வேறு இருந்திருக்கும்.

போகாது என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, மறுபடி போய் உள்ளதைச் சொல்லு கண்ணு. வகுப்பு உதவாவிட்டால் டாக்டர் இருக்கிறார், வேலையை விடுவதும் இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

நான் லீவு சொல்லிவிட்டேன். அம்மா பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். வாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாவிட்டாலும் கிளம்பிவிடுவோம், கோபித்துக்கொள்ளாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அப்பா