லண்டனுக்கும் திருப்பூருக்கும் நடுவில் ஒரு சித்தப்பன்

மண்ணரை, திருப்பூர்
14-2-1971

அன்பு மகள் மரகதத்துக்கு அப்பா எழுதுவது. சிவன்மலை ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம், சிங்கப்பூரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். பயிற்சி முடிந்து அடுத்த மாதம் லண்டன் ஆஸ்பத்திரிக்கே திரும்புவதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே பனியன் கம்பெனி ஓடுகிறது, நூல் விலைதான் ஏறிக்கொண்டே போகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

போன வாரம் சேவூர்க் கல்யாணத்துக்கு உன் சித்தப்பன் அர்த்தநாரி பம்பாயிலிருந்து வந்திருந்தான். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. சிங்கப்பூர் போகிற வழியில் விமானம் மாற நீ அவன் வீட்டில் ஒரு நாள் தங்கியதை ஊருக்கே கேட்கும்படி சொன்னான். நீ முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாய் என்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதோடு விட்டானா, "சித்தப்பா ஊட்டுக்கு வந்தாத்தானுங்க நம்ம ஊடு மாதிரி இருக்குதுன்னு புள்ள சொல்லுச்சுங்கண்ணா" என்று என்னிடமே சொன்னான். கண்ணு, அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கூடப் பொறந்தவருதானுங்களே, அவரு ஊட்டுல புள்ள ஒரு நேரம் சாப்புட்டா என்னங்க என்று உன் அம்மா கேட்டாள். ஒன்றும் இல்லைதான். ஆனால் நாலு வருசமாக உன்னைப் பார்க்காதவன் நான், அவன் இல்லை.

லண்டனிலிருந்து பம்பாய் வருவதைவிடப் பம்பாயிலிருந்து திருப்பூர் வரத்தான் நேரம் அதிகம், அதனால்தான் வர முடியவில்லை என்று நீ எழுதியதைச் சாக்கு என்றே நினைத்தேன். சரக்கோடு பம்பாய் போய்வரும் காதர்பேட்டை பாரூக் பாயிடம் கேட்டேன். "புள்ள சொன்னது நெசந்தாங்க. ஏரோப்ளேனுக்கு நாலாயிரத்தி ஐந்நூறு மைலு ஒரே ராத்திரி, நம்ம ரயிலுக்கு ஆயிரம் மைலு ரெண்டு ராத்திரி ஒரு பகலு" என்றார். உன் மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது, அர்த்தநாரி மேல் இருப்பது போகவில்லை. ஏரோப்ளேன் இறங்குகிற ஊரில் குடியிருப்பதைத் தவிர அவன் உனக்கு என்ன செய்துவிட்டான் சொல்.

அதனால் நீ லண்டன் திரும்பும்போது விமானம் மாறப் பம்பாயில் இறங்குவாயே, அன்றைக்கு நாங்கள் அங்கே வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சிரமம், வேண்டாம் என்று பதில் எழுதாதே. தங்க அவன் வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை, அது எனக்குப் பிடிக்கவும் இல்லை, ஆனாலும் அன்றைக்கு அடுப்படி உன் அம்மாவுடையது என்று அவனுக்கு எழுதிவிட்டேன். கொள்ளும் வரமிளகாயும் இப்போதே மூட்டை கட்டிவிட்டாள்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் துணையில் நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும் சாமி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அர்த்தநாரி உயரமானவன், விமான நிலையத்தில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று கையை ஆட்டுவான். அவனைக் கண்டதும் நின்றுவிடாதே. அவனுக்குப் பின்னால் பார், நான் இருப்பேன்.

உன் அப்பா
ஆறுமுகசாமி