கடைசி வரிக்கு வர ஐந்து நாள்

அன்பு மகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு அப்பாவைப் பொறுத்துக்கொள். நாற்பது வருடம் சுவருக்குப் பெயின்ட் அடித்த கை, பேனாவுக்கு இன்னும் பழகவில்லை. ஆனாலும் என் கையால் எழுதும் முதல் கடிதம் உனக்கு என்பதில் இந்த நிலைமையிலும் கொஞ்சம் சந்தோஷம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுத முடியவில்லை. நேற்று போனில் ஒன்றுமில்லை என்றேனே, அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி சொல்லாதீர்கள் என்று கையாட்டினாள், அதனால்தான்.

அம்மாவுக்குப் பித்தக் குழாயில் இருந்த கல்லை வாய் வழியாக டியூப் விட்டு எடுத்தது உனக்குத் தெரியும். பித்தம் இறங்க உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயும் வைத்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாள். எதிர்வீட்டுத் தையல்காரர், கொடுங்கண்ணே படிச்சுச் சொல்றேன் என்றார். நான் விடவில்லை, அப்புறம் நான் எதுக்கு முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் போறேன், பரீட்சை வேற வருது என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து நாலு நாலு வரியாகச் சத்தமாகப் படிப்பேன். வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க என்று அம்மா சிரிப்பாள். மூன்றாம் நாள் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. மழைக்குளிர் என்று இரண்டு போர்வை போர்த்தி, சுடுதண்ணீர் கொடுத்துவிட்டு, அன்றைய நாலு வரியையும் படித்தேன். ஐந்தாம் நாள்தான் கடைசி வரிக்கு வந்தேன். காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்ணில் மஞ்சள், எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், அவள் கண் மஞ்சளாக இருந்தது.

உள்ளே வைத்த பிளாஸ்டிக் குழாய் அடைத்து, பித்தம் தேங்கிச் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாமே பெரியவரே, என்ன பண்ணிட்டிருந்தீங்க என்று டாக்டர் கேட்டார். படிச்சிட்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடனே குழாயை மாற்ற வேண்டும் என்று நர்ஸ் ஒரு தாளை நீட்டி, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க தாத்தா என்றாள். எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, நீயே சீக்கிரம் படிச்சுச் சொல்லு என்றேன். ரத்தம் கசியலாம், கணையம் வீங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மடமடவென்று படித்தாள். கையெழுத்துப் போட்டேன்.

குழாய் மாற்றி இன்றோடு இரண்டு நாள். சீழ் இறங்குகிறது, ஆனால் காய்ச்சல் விட்டபாடில்லை, சிறுநீரும் குறைவாகத்தான் போகிறது. இன்னும் இரண்டு நாள் போகட்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். காலையில் அம்மா அரை மயக்கத்தில், பரீட்சையில பாஸாயிட்டீங்களா என்று கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். முடிந்தால் கிளம்பி வாம்மா. அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள், கேட்காதே. தையல்காரர் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். உனக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அது அம்மா படுத்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதுகிற கடிதமாக இருக்க வேண்டும்.

உன் அப்பா